கொசஸ்தலையும் ஆரணியும்: திருவள்ளூர் வட்டாரத்தில் இரண்டு ஆற்றுவழிப் பயணங்கள்

திருவள்ளூர் மாவட்டத்தைக் கடந்து போகிறவர்கள் ஏராளம்; இறங்கிப் பார்த்தவர்கள் கொஞ்சம். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டை தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை தொடங்கிவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரசாயன ஆலைகளும் ஷிஃப்ட் மாறும் நேரத்துக் கம்பெனி பஸ்களும்தான் கண்ணில் படும். மேற்குப் பக்கம் போகிறவர்களுக்குத் திருப்பதி அவசரம். காரை நிறுத்தி டீ குடித்தால் அதுவே பெரிது.

இந்த மாவட்டம் சாலைவழி போகிறவர்களுக்குப் பிடிபடாது. ஆற்றுவழி போகிறவர்களுக்குப் பிடிபடும். பழைய கற்கால மனிதனும் சோழ அரசனும் டச்சு வியாபாரியும் இங்கே வந்தது தண்ணீரை ஒட்டித்தான். மேற்கே கொசஸ்தலை ஆறு பூண்டி வழியாக ஓடி எண்ணூரில் கடல் சேர்கிறது. அதற்கு வடக்கே ஆரணி ஆறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு வருகிறது. ஆற்றுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக இருக்கும். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது.

இந்த அத்தியாயம் சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு மட்டுமல்ல. ஆடிட், பயிற்சி, மெஷின் நிறுவுதல் என்று கும்மிடிப்பூண்டியில் சில வாரங்கள் லாட்ஜில் தங்க நேர்ந்து, விடுமுறை நாளில் என்ன செய்வது என்று தெரியாமல் டிவி பார்ப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடலாம். மகாபலிபுரம் மாதிரி கண்ணுக்கு நேரே எழுந்து நிற்கும் அதிசயம் இங்கே குறைவு. உலகப் புகழ்பெற்ற இடம் ஒன்று வெறும் பள்ளமும் மேடுமான செம்மண் தரையாக இருக்கும்; ஒரு கோட்டை முட்புதராக இருக்கும். வழிகாட்டிப் பலகை, ஆடியோ கைடு எதுவும் கிடையாது. கதையைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கே இடம் வாய் திறக்கும்.

முதல் நாள்: கொசஸ்தலை

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் மின்ரயிலில் ஏறினால் திருவள்ளூர் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து பூண்டிக்குப் பேருந்து உண்டு என்றாலும், பூண்டிக்கு அப்பால் போக வேண்டியிருப்பதால் வாடகை காரோ இருசக்கர வாகனமோ இருந்தால் நல்லது. பேருந்தை மட்டும் நம்பினால் குடியம் குகையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.

முதலில் பூண்டி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1985இல் தொடங்கிய சிறிய கூடம் இது. பக்கத்து நிலங்களில் கிடைத்த கைக்கோடாரிகள், பிளக்கும் கருவிகள், சுரண்டிகள் ஆகியவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் போதும். ஆனால் இந்த அரை மணி நேரத்தைத் தவிர்த்துவிட்டு நேராக அத்திரம்பாக்கம் போனால் காலடியில் கிடப்பது கருவியா, வெறும் கல்லா என்று தெரியாது. அரசு விடுமுறை நாளா, கூடம் திறந்திருக்குமா என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு கிளம்புவது உத்தமம்.

கைக்கோடாரியைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முதலில் அதன் விளிம்பைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் சில்லு பெயர்ந்திருந்தால் அது தற்செயலாக இருக்கலாம். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சில்லு பெயர்த்து, முனையைக் கூராக்கி, அடிப்பக்கத்தைப் பிடிக்க வாகாக விட்டிருந்தால் அது ஒருவர் யோசித்துச் செய்தது. உருவம் ஒரு பெரிய பாதாம் பருப்பைப் போல இருக்கும். இதே வடிவக் கருவிகள் ஆப்பிரிக்காவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கிலும் கிடைக்கின்றன. பிரான்சில் ஆமியேன் நகரத்தை ஒட்டிய சேன்-அஷூல் என்ற இடத்தின் பெயரால் இந்தக் கருவி மரபை அச்சூலியன் என்கிறார்கள். இந்தியாவில் அதை ‘மதராஸ் கைக்கோடாரி மரபு’ என்றும் சொல்வதுண்டு. ஒரு நகரத்தின் பெயர் லட்சக்கணக்கான ஆண்டுகள் பழைய தொழில்நுட்பத்துக்குச் சூட்டப்பட்டிருப்பது சென்னைக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அந்தப் பெயருக்குக் காரணமானவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் கற்களுக்கு நடுவே ஒரு கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்தில் கருவிகளைக் கண்டார். இந்தியாவில் எழுத்துக்கு முற்பட்ட வரலாறு என்ற ஆய்வுத் துறை இந்த இரண்டு கண்டெடுப்புகளிலிருந்தே தொடங்குகிறது. ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கருவிகள் இப்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூண்டிப் பயணத்துக்கு முந்தைய வாரம் அங்கே ஒரு நடை போய்வந்தால் நல்லது.

அத்திரம்பாக்கம் பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். பார்த்தால் முள்செடிகளும் மழைநீர் அரித்த ஓடைப் பள்ளங்களுமாகத்தான் இருக்கும். அந்த அரிப்புதான் இங்கே முக்கியம். ஓடை வெட்டிய கரைகளில் மண்ணடுக்குகள் வெளியே தெரிகின்றன. 1999 முதல் இங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் ஷர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சார்பில் அகழாய்வு நடத்தினார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் கருவிகள் கிடைத்தன. விலங்குகளின் பற்களும் குளம்படித் தடங்களும் கிடைத்தன.

கல்லின் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது பலருக்கும் எழும் கேள்வி. கல் நிலத்தின் மேல் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் அதில் பட்டு, அபூர்வமான சில தனிம வகைகளை உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் அந்த உற்பத்தி நின்றுபோய், இருப்பது மெல்ல மெல்லச் சிதையத் தொடங்குகிறது. மீதி எவ்வளவு என்று அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று தெரியும். இதோடு மண்ணடுக்குகளில் பதிந்திருக்கும் பூமியின் காந்தத் திசையையும் ஒப்பிட்டார்கள். 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான முடிவின்படி, அடியில் கிடந்த கைக்கோடாரிகள் குறைந்தது 10 லட்சம் ஆண்டுகள், சராசரிக் கணக்கில் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழையவை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் அப்போது உலகிலேயே இல்லை. செய்தது யாரோ வேறு மனித இனம்.

2018இல் ‘நேச்சர்’ இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. பெரிய கைக்கோடாரிகளை விட்டுவிட்டு, கல்லின் கருவை முன்கூட்டியே பக்குவப்படுத்தி வேண்டிய அளவில் சில்லுகளைப் பெயர்க்கும் புதிய உத்தி, அத்திரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று அது சொன்னது. இந்த உத்தி ஆப்பிரிக்காவிலிருந்து மிகவும் பிற்காலத்தில்தான் இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும் என்ற கருத்து அதனால் ஆட்டம் கண்டது. உலகின் பெரிய ஆய்வகங்கள் இதைப் பற்றி இன்னமும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த வாதத்துக்குக் காரணமான ஊரில் ஆடு மேய்கிறது.

இங்கே ஒரு கட்டளை: எதையும் எடுக்காதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மண்ணடுக்கிலிருந்து பிரிந்த கருவிக்கு வயது சொல்ல முடியாது. வீட்டு அலமாரிக்குப் போய்ச் சேர்ந்ததும் அது மறுபடியும் வெறும் கல்தான்.

இவ்வளவு கருவிகள் இந்த வட்டாரத்தில் ஏன் குவிந்தன என்பதற்கு விடை அல்லிக்குழி மலைகளில் இருக்கிறது. இந்தக் குன்றுகள் உருண்டைக் கூழாங்கற்கள் மண்ணோடு சேர்ந்து இறுகிய கலவைப் பாறையால் ஆனவை. கூழாங்கற்களில் பெரும்பாலானவை குவார்ட்சைட். தட்டினால் கூரான விளிம்போடு உடைபவை. மழையில் பாறை கரையக் கரைய, ஆறும் ஓடையும் அவற்றை உருட்டிக் கொண்டுவந்து போட்டன. கச்சாப் பொருளும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்ததால் ‘தொழிற்பேட்டை’ தானாக வந்துவிட்டது. சிப்காட்டுக்கு இடம் பார்த்தவர்களும் இந்த மாதிரிக் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

அந்தக் கலவைப் பாறையை நேரில் பார்க்க வேண்டுமானால் குடியம் போக வேண்டும். குடியம் கிராமத்திலிருந்து காப்புக்காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடை. வனத்துறையிடம் அனுமதி கேட்டு, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, காலை 7 மணிக்குள் நடக்கத் தொடங்குவது நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். வழியில் கடை கிடையாது.

குகை என்பதைவிடப் பெரிய பாறைக் குடை என்று சொல்லலாம். தலைக்கு மேலே உருண்டைக் கற்கள் பதிந்த கூரை பிரம்மாண்டமாக வளைந்து நிற்கும். ஊர்மக்கள் வழிபடும் அம்மனும் உள்ளே உண்டு என்பதால் செருப்பைப் பற்றி உடன் வருபவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கூரையில் மலைத்தேனீக்கள் கூடு கட்டுவதுண்டு. கத்தாமல், புகை மூட்டாமல், வாசனைத் திரவியம் பூசாமல் போகிறவர்கள் பத்திரமாகத் திரும்புவார்கள். பீம்பேட்கா குகைகளில் இருப்பது போல ஓவியங்களை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. 1960களில் தொல்லியல் துறையினர் தோண்டிப் பார்த்தபோது கற்கருவிகள் கிடைத்தன.

திரும்பும் வழியில் பூண்டி நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்தபோது இதற்காக முனைந்து நின்ற எஸ். சத்தியமூர்த்தி 1943இல் மறைந்தார். 1944இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. இப்போது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. தண்ணீருக்குள் போன நிலத்தில் ஒரு பாடல்பெற்ற தலமும் இருந்தது. திருவெண்பாக்கம் என்று தேவாரம் பாடிய அந்தச் சிவன் கோயிலைப் பெயர்த்துக் கரையில் ஊன்றீஸ்வரர் கோயிலாக மறுபடியும் எழுப்பினார்கள். எகிப்தில் அஸ்வான் அணைக்காக அபு சிம்பல் கோயில்களை 1964 முதல் 1968 வரை நகர்த்தியபோது யுனெஸ்கோவின் தலைமையில் உலக நாடுகள் பணம் போட்டன. அந்தக் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பூண்டிக் கதை பூண்டியிலேயே நின்றுவிட்டது.

உள்ளே போனதும் நந்தியின் கொம்பைப் பார்க்க வேண்டும், ஒன்று உடைந்திருக்கும். மனைவி சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து, அதை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பிய சுந்தரர் கண் பார்வை இழந்தார். இந்தத் தலத்துக்கு வந்து முறையிட்டபோது இறைவன் பார்வையைக் கொடுக்காமல் ஊன்றுகோலைக் கொடுத்தாராம். கோபத்தில் சுந்தரர் அதை வீசியெறிய, அது நந்தியின் கொம்பில் பட்டது என்பது தலபுராணம். கடவுளோடு இவ்வளவு உரிமையாகச் சண்டை போட்ட பக்தர்கள் அபூர்வம்.

மதியத்துக்குமேல் நேரம் இருந்தால் திருப்பாசூரும் திருவாலங்காடும். திருத்தணி சாலையில் இருக்கும் திருப்பாசூர் வாசீஸ்வரர் கோயிலில் கருவறை விமானத்தைப் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும் யானையின் முதுகு போல வளைந்த தூங்கானை மாடம் அது. அதே சாலையில் உள்ள பட்டரைப்பெரும்புதூரில் 2015-16இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. கற்காலம் தொடங்கி உறைகிணறு காலம் வரை மக்கள் வாழ்ந்த தடயங்கள் கிடைத்தன. பார்க்க இப்போது அங்கே ஒன்றுமில்லை. தெரிந்துகொண்டு கடந்து போகலாம்.

திருவாலங்காட்டுக்குத் தனியாக ஒரு ரயில் நிலையமே உண்டு. நடராசரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவம் இங்கே. ஆட்டத்தின் அடியில் அமர்ந்து பாடியவர் காரைக்கால் அம்மையார். பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்ட பெண். அம்மையார் தலையால் நடந்த மண் என்று சம்பந்தர் ஊருக்குள் காலடி வைக்கத் தயங்கி, பக்கத்துப் பழையனூரில் தங்கினார் என்பார்கள். அந்தப் பழையனூர்தான் நீலி கதையின் பழையனூர். கொன்றவனைப் பழிவாங்கப் பேயாகி வந்த நீலியின் கண்ணீரை நம்பி, அவனுக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்கள், அவன் இறந்ததும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. அவர்களுக்கான நினைவிடத்தை உள்ளூரில் கேட்டால் வழி காட்டுவார்கள்.

பழையனூருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ராஜேந்திர சோழன் அந்த ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடையாக எழுதிவைத்தான். அந்த ஆவணம்தான் 31 ஏடுகள் கொண்ட திருவாலங்காட்டுச் செப்பேடு. 1905இல் வெளிச்சத்துக்கு வந்த அது, சோழர் பரம்பரையையும் கடாரம் வென்ற கதையையும் வடமொழியில் பாடிவிட்டு, ஊர் எல்லைகளைத் தமிழில் சொல்கிறது. இதே சோழர்களின் ஆனைமங்கலச் செப்பேடு கடல் கடந்து நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தது டச்சுக்காரர்கள் வழியாகத்தான். அவர்களைத் தேடித்தான் இரண்டாம் நாள்.

அதற்கு முன் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அமாவாசையன்று குளத்தில் வெல்லம் கரைக்க வரும் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நகராது. அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே போகிறவர்களுக்கு அது திருவிழா. மற்றவர்கள் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

இரண்டாம் நாள்: ஆரணி

வாகனம் இருந்தால் ஆற்றை மேலிருந்து பிடிக்கலாம். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் கொஞ்ச தூரத்தில் சுருட்டப்பள்ளி. லிங்கமாகவும் ஆடும் உருவமாகவும் பார்த்துப் பழகிய சிவன் இங்கே ஆலகால விஷம் குடித்த மயக்கத்தில் அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். பெருமாள் கோயிலுக்கு வந்துவிட்டோமோ என்று முதல்முறை வருபவர்கள் திகைப்பது வழக்கம். ஊத்துக்கோட்டைப் பக்கமே ‘ஜீரோ பாயின்ட்’டும் இருக்கிறது. கண்டலேறுவிலிருந்து 152 கிலோமீட்டர் வரும் கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம் அது. 1996இல் முதல் தண்ணீர் வந்தது. இன்றும் எத்தனை கனஅடி வருகிறது என்று பத்திரிகைகள் கணக்குச் சொல்வது இந்த இடத்தை வைத்துத்தான். கீழே வந்தால் பெரியபாளையம் பவானி அம்மன். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பிலை ஆடை நேர்த்திக்கடனுக்கு வரும் கூட்டத்தில் சாலையே அடைபடும்.

ரயிலில் வருபவர்கள் கும்மிடிப்பூண்டி தடத்தில் பொன்னேரியில் இறங்கினால் போதும். கும்மிடிப்பூண்டியில் தங்கியிருப்பவர்களுக்குப் பொன்னேரி இரண்டாவது நிறுத்தம். நடுவில் கவரைப்பேட்டை மட்டுமே. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து இருக்கிறது.

பழவேற்காட்டில் இறங்கியதும் கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே டச்சுக் கல்லறைத் தோட்டம். நுழைவாயிலின் இரு பக்கமும் எலும்புக்கூடு உருவங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே 76 கல்லறைகள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. கல்லில் வெட்டிய எழுத்துகள் பள்ளமாக இல்லாமல் மேடாக எழும்பி நிற்பதையும், குடும்பச் சின்னங்களையும், ஓரங்களில் ஓடும் பூக்கொடிகளையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். பூக்கொடியின் வளைவில் உள்ளூர்க் கல்தச்சரின் கை தெரிகிறது.

டச்சுக்காரர்கள் இங்கே வந்தது துணிக்காக. ஜாவாவிலும் மொலுக்கா தீவுகளிலும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அங்கே வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரைத் துணிக்கு மதிப்பு அதிகம். சாயவேரில் தோய்த்த சிவப்புத் துணி வெளுத்தாலும் சாயம் போகாது. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்று அவர்கள் கட்டிய பண்டகசாலையை 1612இல் சாந்தோம் போர்த்துகீசியர்கள் தாக்கி அழித்தார்கள். அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டார்கள். தங்கள் நாட்டு கெல்டர்லாந்து மாகாணத்தை நினைத்து ‘கெல்ட்ரியா’ என்று பெயர் வைத்தார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்குமான டச்சு ஆட்சி இந்தக் கோட்டையிலிருந்துதான் நடந்தது. சென்னையில் ஜார்ஜ் கோட்டைக்கு அடிக்கல் போடும் முன்பே பழவேற்காடு உலக வரைபடத்தில் ஏறிவிட்டது.

துணி மட்டும் போகவில்லை. கோட்டையில் வெடிமருந்து செய்தார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வாங்கி, ஜாவாவில் இருந்த படாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். கல்லறைத் தோட்டத்தின் அழகான எழுத்துகளைப் படிக்கும்போது, கல்லறையே இல்லாமல் போனவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதே ஊரில் 1630களில் பாதிரியாராக இருந்த அப்ரஹாம் ரோகேரியஸ் வேறு வகை மனிதர். பத்மநாபன் என்ற பிராமணரிடம் பல ஆண்டுகள் பேசி, இந்து வழக்கங்களையும் பர்த்ருஹரியின் பாடல்களையும் டச்சு மொழியில் எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு 1651இல் லைடனில் அந்த நூல் வெளிவந்தது. இந்தியச் சமயங்களைப் பற்றி ஐரோப்பா ஓரளவு ஒழுங்காகப் படித்த முதல் புத்தகங்களில் ஒன்று பழவேற்காட்டுத் திண்ணைப் பேச்சிலிருந்து பிறந்தது.

கோட்டையைத் தேடினால் அகழியும் மேடும் சீமைக்கருவேல முள்ளும்தான் கிடைக்கும். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அடுத்த ஆண்டில் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முழுமையாகப் போனது. இதே டச்சுக்காரர்கள் ஆண்ட இலங்கையின் காலிக் கோட்டை 1988இலும், மலாக்கா 2008இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அங்கே கோட்டைச் சுவர்மேல் நடந்துகொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடலாம். இங்கே முள் குத்தாமல் திரும்பினால் சரி. முழுக்கால்சட்டையும் மூடிய காலணியும் அவசியம்.

ஊருக்குள் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. செம்புறைக்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகளை மிகச் சிறிய புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரத்தைக் கணிக்க நிழற்கடிகாரம் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் தொழுகை நேரம் தவிர்த்துப் போய், அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். போர்த்துகீசியர் காலத்து மகிமை மாதா திருத்தலமும் இங்கேதான். கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், டச்சுக் கல்லறை எல்லாவற்றையும் நடந்தே ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். முஸ்லிம் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகள் வாங்கத் தகுந்தவை.

ஏரியைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மழைக்காலத்தில் ஆரணியும் ஆந்திரத்தின் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் வந்து கலக்கிறது. அந்தக் கலப்பில்தான் இறாலும் நண்டும் பெருகுகின்றன. எந்த நாளில் எந்தக் குப்பத்தார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை மீனவர்கள் ‘பாடு’ என்ற முறைப்படி தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். போலீஸோ கோர்ட்டோ இல்லாமல் தலைமுறைகளாக நடக்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கோட்டைக்குப்பம் பக்கம் கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் புத்தகத்தில் இல்லாததும் கிடைக்கும். பேச்சைப் போட்டோவிலிருந்து தொடங்காமல் இருப்பது மரியாதை.

பறவைக்காக வருகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை, விடிந்தவுடன் ஏரிக்கரையில் இருக்க வேண்டும். பூநாரைக் கூட்டங்கள் ஆழமில்லாத நீரில் மேயும். எங்கே நிற்கும் என்பது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. பொன்னேரியிலிருந்து போகும் அண்ணாமலைச்சேரிக் கரையும் பறவை பார்ப்பவர்களுக்குத் தெரிந்த இடம். பைனாகுலர் இல்லாமல் போனால் தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடுதான் தெரியும்.

படகைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. 2011 கிறிஸ்துமஸ் நாளில் உல்லாசப் பயணிகளின் படகு இங்கே கவிழ்ந்து 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். மீன்பிடி படகில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று யாராவது கூப்பிட்டால், உயிர்காப்பு உடையும் முறையான அனுமதியும் இல்லாதபோது ஏறக் கூடாது. முகத்துவாரத்தில் குளிப்பதும் வேண்டாம். நீரோட்டம் மேலே தெரியாது.

சாப்பாட்டுக்கு ஊரிலேயே சின்ன ஓட்டல்களில் மீன் குழம்பும் நண்டும் கிடைக்கும். மதியம் 1 மணிக்கே போய்விடுவது நல்லது. தாமதமானால் மீன் தீர்ந்து குழம்பு மட்டும் இருக்கும்.

வடக்கும் தெற்கும்

கொசஸ்தலை கடல் சேரும் எண்ணூரை முதல் நாளிலேயே சேர்க்கத் தோன்றலாம். பூண்டியிலிருந்து அது வெகுதூரம் என்பதால், இரண்டாம் நாள் திரும்பும் ரயிலில் எண்ணூரில் இறங்கிப் பார்ப்பது எளிது. 15 லட்சம் ஆண்டு மனிதத் தடம் உள்ள ஆறு, அனல்மின் நிலையங்களின் சாம்பலுக்கும் துறைமுகங்களுக்கும் நடுவே முடிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து இந்தக் கழிமுகம் கறுத்தது செய்தியில் வந்தது. அழகான காட்சி அல்ல. இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுபவர்களை இன்றும் அங்கே பார்க்கலாம். முழு ஆற்றையும் பார்த்தேன் என்று சொல்ல விரும்புகிறவர் இதையும் பார்க்க வேண்டும்.

வடக்கே போக விரும்புகிறவர்களுக்கு ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காடு ஏரியையும் கடலையும் பிரிக்கும் தீவில்தான் சதீஷ் தவான் விண்வெளி மையம் இருக்கிறது. ராக்கெட் ஏறும் நாளில் பழவேற்காட்டுக் கரையிலிருந்தே அதைப் பார்க்கலாம். அன்று அந்தப் பக்கக் கடலில் மீன்பிடிக்கத் தடை இருக்கும். கிட்டத்தில் பார்க்க, 2019இல் திறந்த பொதுமக்கள் பார்வைக் கூடம் உண்டு. இஸ்ரோவின் இணையதளத்தில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். பதிவு திறந்ததும் இடங்கள் வேகமாக நிரம்பிவிடும். அடையாள அட்டை கட்டாயம். அருகிலுள்ள ரயில் நிலையம் சூலூர்பேட்டை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா வழியாக மின்ரயில் போகிறது. ஏவுதல் கடைசி நேரத்தில் தள்ளிப்போவது சகஜம் என்பதால், திரும்புவதற்கு ரிசர்வேஷன் செய்து பணத்தை முடக்காமல் இந்த மின்ரயிலையே நம்பலாம்.